பூங்காவின் பெயர்ப்பலகையில் யார்?

ஞாயிற்றுக்கிழமை மாலையில் பிள்ளைகளைப் பூங்காவுக்கு அழைத்துப் போகிறீர்கள். எந்தப் பூங்கா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? ‘சூராவுக்குப் பக்கத்துல இருக்கிறது’ என்பார் ஒருவர். ‘தண்ணித் தொட்டிக்குப் பின்னால’ என்பார் இன்னொருவர். ‘எங்க தாமான் பாடாங்’ என்று முடித்துக்கொள்வார் மூன்றாமவர். ஊஞ்சல், சறுக்குமரம், நடைபாதை எல்லாம் இருக்கும் அந்த இடத்துக்குப் பெயர் மட்டும் இருக்காது. இருந்தாலும் ‘தாமான் பெர்மாயினான்’, அதாவது விளையாட்டுப் பூங்கா, என்று பொதுவாக எழுதியிருக்கும்.

வானொலி அறிவிப்பாளரான எனக்குப் பெயர்களைச் சொல்வதுதான் பிழைப்பு. நேயர் அழைத்தால் முதலில் அவர் பெயர், அடுத்து ஊர், அதன் பிறகுதான் பாட்டு. ‘தாசேக் கெலுகோரிலிருந்து பேசுகிறேன்’ என்று குரல் கேட்டுவிட்டால் இரண்டு வார்த்தை கூடுதலாகவே பேசிவிடுவேன். சொந்த ஊர்ப் பாசம் யாரை விட்டது?

எங்கள் ஊரை ரயில் பயணிகளுக்குத் தெரிந்திருக்கும். புக்கிட் மெர்தாஜாமுக்கும் சுங்கைப்பட்டாணிக்கும் இடையில் கொமுட்டர் நிற்கும் இடம். பினாங்கு என்றதும் எல்லாருக்கும் தீவுதான் நினைவுக்கு வரும். நாங்கள் இருப்பது பெருநிலத்தில், வட செபராங் பிறையில். ஒரு பக்கம் வயல், மறு பக்கம் தோட்டம். தாசேக் என்றால் ஏரி. கெலுகோர் என்பது மரம். மீன்குழம்பிலும் அசாம் லக்சாவிலும் புளிப்புக்குப் போடும் அசாம் கெப்பிங் அந்த மரத்தின் காயை நறுக்கிக் காயவைத்ததுதான். ஏரியையும் மரத்தையும் பெயரில் வைத்திருக்கும் ஊரில் மனிதர்களின் பெயர் எங்கே இருக்கிறது என்பதுதான் கொஞ்ச நாளாக என் மனத்தில் ஓடும் கேள்வி.

மூன்று வழிகள்

ஒரு பூங்காவுக்கோ திடலுக்கோ மனிதரின் பெயர் வந்து சேரும் வழிகள் பெரும்பாலும் மூன்று.

முதல் வழி, ஆள்பவர். சென்னைத் தியாகராய நகரில் இருக்கும் பனகல் பூங்கா, 1920-களில் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த பனகல் அரசரின் பெயரைத் தாங்கியது. அரசர்கள், ஆளுநர்கள், அமைச்சர்கள் பெயரில் உலகெங்கும் பூங்காக்கள் உண்டு.

இரண்டாவது வழி, கொடுப்பவர். ஜார்ஜ்டவுன் டத்தோ கிராமாட் பகுதியில் இருக்கும் பாடாங் பிரவுன் நமக்குத் தெரிந்த உதாரணம். போப்பியா சாப்பிட அங்கே போயிருப்போம். அந்தப் பிரவுன் யார் என்று எத்தனை பேர் யோசித்திருப்போம்? தீவில் உள்ள கெலுகோரில் தோட்டம் வைத்திருந்த ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் பிரவுனின் குடும்பத்தைக் குறிக்கும் பெயர் அது. நிலம் உள்ளவர் கொடுத்தார், பெயர் நின்றது. சிங்கப்பூரின் ஹோங் லிம் பூங்காவும் சியாங் ஹோங் லிம் என்ற செல்வந்தரின் பெயரில் இருப்பதுதான்.

மூன்றாவது வழி, உழைப்பவர். ஆட்சி அதிகாரமும் பெரிய சொத்தும் இல்லாமல், ஊர் மக்களுக்காக நடையாய் நடந்தவர். இந்த வழியில் வந்த பெயர்கள்தான் மிகக் குறைவு. ஆனால் நம் நாட்டிலேயே அதற்கு நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து தெற்கே நெடுஞ்சாலையில் இறங்கினால் ஈப்போ.

ஈப்போவின் டி.ஆர்.

ஈப்போ மக்கள் ‘டி.ஆர். பார்க்’ என்று சுருக்கிச் சொல்லும் பூங்காவின் முழுப்பெயர் டி.ஆர். சீனிவாசகம் பூங்கா. நிழல் மரங்கள், பிள்ளைகள் விளையாடும் இடம், ஜப்பானியப் பாணித் தோட்டம் எல்லாம் அங்கே உண்டு. அதன் பழைய பெயர் கொரோனேஷன் பார்க், அதாவது முடிசூட்டுப் பூங்கா. காலனித்துவக் காலத்தில் முடிசூட்டின் நினைவைச் சுமந்த இடம் இப்போது ஊர்க்காரர் ஒருவரின் நினைவைச் சுமக்கிறது.

யார் அவர்? தர்மராஜா சீனிவாசகம், 1921-இல் பிறந்தவர். இலங்கைத் தமிழ் வம்சாவளி. வழக்கறிஞர். அண்ணன் எஸ்.பி. சீனிவாசகமும் வழக்கறிஞர்தான். 1953-இல் இருவரும் சேர்ந்து பேராக் முற்போக்குக் கட்சியைத் தொடங்கினார்கள். அதுவே பின்னர் மக்கள் முற்போக்குக் கட்சியாக மாறியது.

கிந்தா பள்ளத்தாக்கு அப்போது ஈயச் சுரங்கங்களின் பூமி. வாக்காளர்களில் பெரும்பாலோர் சீனர்கள். சுரங்கத் தொழிலாளர்கள், புதுக்கிராமத்து மக்கள், சிறு கடைக்காரர்கள். அங்கே ஒரு தமிழர் போய் நின்றால் யார் ஓட்டுப் போடுவார்கள்? 1957-இல் ஈப்போ – மெங்லம்பு தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது. அங்கே உறுப்பினராக இருந்தவர் மலாக்காவின் ஆளுநராகப் போனதால் வந்த தேர்தல். டி.ஆர். நின்றார், வென்றார். 1959-இலும் 1964-இலும் ஈப்போ தொகுதி அவரையே நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. பக்கத்துத் தொகுதியான மெங்லம்புவில் அண்ணன் வென்றார். ஈப்போ நகராண்மையும் அவர்கள் கட்சியின் கைக்கு வந்தது. கால்வாய், குப்பை, தெருவிளக்கு என்று மக்கள் அன்றாடம் முட்டிக்கொள்ளும் பிரச்சினைகளும் அவர்கள் கைக்குத்தான் வந்தன.

மக்கள் அவரை நம்பியதற்குக் காரணம் நீதிமன்றத்தில் இருந்தது. கையில் காசில்லாதவருக்கும் வாதாடும் வழக்கறிஞர் என்று பெயர் எடுத்திருந்தார். வழக்கு என்று வந்தால் நிலத்தையோ நகையையோ விற்க வேண்டிய காலத்தில், அது எத்தனை பெரிய காரியம் என்று பெரியவர்களைக் கேட்டால் தெரியும். மொழி விஷயத்திலும் அவருடைய கட்சி, தமிழுக்கும் சீன மொழிக்கும் ஆட்சிமொழித் தகுதி வேண்டும் என்று வாதிட்டது. அதை ஏற்காதவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. ஆனால் யாருக்காகப் பேசுகிறார் என்பதில் எவருக்கும் ஐயம் இருந்ததில்லை.

அவர் துணிச்சலுக்குச் சான்றாக ஒரு சம்பவத்தைச் சொல்வார்கள். அப்போதைய கல்வி அமைச்சர்மீது நாடாளுமன்றத்தில் ஊழல் குற்றச்சாட்டை எழுப்பினார் டி.ஆர். மன்றத்துக்குள் பேசினால் வழக்குப் போட முடியாது. அந்தப் பாதுகாப்பு உறுப்பினர்களுக்கு உண்டு. ‘வெளியே வந்து சொல்லிப் பாருங்கள்’ என்று சவால் வந்தது. அவர் ஈப்போவுக்கு வந்து பொதுக்கூட்டத்தில் அதையே திரும்பச் சொன்னார். அமைச்சர் அவதூறு வழக்குத் தொடர்ந்து, தோற்றுப் பதவி விலகினார். 1960-களின் நடுவில் நாடே கவனித்த வழக்கு அது.

1969 மார்ச்சில், பொதுத் தேர்தலுக்கு இரண்டு மாதம் இருக்கையில் டி.ஆர். காலமானார். ஐம்பது வயதைக்கூட எட்டவில்லை.

சீனர்கள் பெருமளவில் வாழும் நகரில், ஒரு தமிழரின் பெயர் பொதுப் பூங்காவில் அரை நூற்றாண்டுக்கு மேல் நிற்கிறது என்பதை நாம் சாதாரணமாகக் கடந்துவிடக் கூடாது. ‘எங்கள் இனத்துக்கு ஒரு பூங்கா’ என்ற கணக்கில் வந்த பெயராக இருந்திருந்தால் அது இப்படி ஊர்ப் பெயராக ஆகியிருக்காது. எல்லா இனத்தவருக்கும் உழைத்தவர் என்பதால் எல்லா இனத்தவர் வாயிலும் அந்தப் பெயர் புழங்குகிறது. மலாய்க்காரர்கள் பெரும்பான்மையாக வாழும் எங்கள் ஊர் போன்ற இடங்களுக்கு இதில் பாடம் இருக்கிறது.

சுருங்கிப் போகும் பெயர்கள்

பெயர் வைத்துவிட்டால் நினைவு தானாக நிலைத்துவிடுமா? அங்கேதான் சிக்கல்.

சென்னைக்குப் போகிற மலேசியத் தமிழர்களில் பாண்டி பஜாரில் துணி வாங்காதவர்கள் குறைவு. புதுச்சேரியோடு ஏதோ தொடர்பு இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது சௌந்தரபாண்டியனார் அங்காடி. சுயமரியாதை இயக்கத்தில் முன்னணியில் நின்ற டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் அவர்களின் பெயர். நாக்கு சோம்பேறி, நீளமான பெயரை நறுக்கி ‘பாண்டி’ ஆக்கிவிட்டது. பெயர் மிஞ்சியது, ஆள் போய்விட்டார்.

ஒலிபெருக்கிக்கு முன்னால் நாள்தோறும் பெயர்களைச் சொல்கிறவர்களுக்கு இந்தச் சுருக்கம் நன்றாகவே தெரியும். ஜாலான் துன் சம்பந்தனில் நெரிசல் என்று போக்குவரத்துச் செய்தியில் சொல்கிறோம். அப்படிச் சொல்லும்போது அது ஒரு சாலை மட்டுமே. பழைய பிரிக்பீல்ட்ஸ் சாலைக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது? தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வீதிக்கு வந்த காலத்தில், 1960-இல், அவர்களுடைய சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கியவர் துன் வீ.தி. சம்பந்தன். தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களைச் சேர்த்தார். நெரிசலில் காத்திருக்கும் நேரத்தில் பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இந்த நான்கு வரியைச் சொல்லலாம். சொன்னால் சாலைப் பெயர் மறுபடியும் மனிதராகிவிடும்.

டி.ஆர். பார்க்கும் இப்படித்தான். ஈப்போவில் உங்களுக்கு உறவினர் இருந்தால், அந்த வீட்டு இளைஞர்களிடம் ‘டி.ஆர். என்றால் யார்?’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் எப்படி வந்தாலும், அடுத்த ஐந்து நிமிடம் நல்ல உரையாடலாக இருக்கும்.

நம் ஊர் மனிதர்கள்

டி.ஆரும் சம்பந்தனும் நாடறிந்தவர்கள். அவர்களைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள். தேடினால் கிடைக்கும். யாரும் எழுதி வைக்காத மனிதர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

தோட்டத்து மருத்துவமனையில் நள்ளிரவிலும் கதவைத் திறந்த டிரஸர். அம்மாக்கள் பால்மரம் வெட்டப் போயிருக்க, ஐம்பது குழந்தைகளைத் தூங்கவைத்த ஆயாக்கொட்டகை ஆயா. சம்பளத்தில் பாதியைப் பிள்ளைகளின் புத்தகத்துக்குச் செலவழித்த தமிழ்ப்பள்ளி ஆசிரியர். எங்கள் வட்டாரத்தில் மேபீல்டு தோட்டத் தமிழ்ப்பள்ளி இன்னும் தோட்டத்தின் பெயரோடுதான் இருக்கிறது. நாடு முழுவதும் எத்தனையோ தமிழ்ப்பள்ளிகள் இப்படித்தான். வெள்ளைக்காரர்கள் தோட்டத்துக்கு வைத்த பெயர் நிலைத்துவிட்டது. அந்தத் தோட்டத்தில் பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றியவர்களின் பெயரை எங்கே தேடுவது?

எங்கள் பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தார். குடும்பத்தாரைக் கேட்காமல் பெயரை எழுதுவது முறையல்ல என்பதால் இங்கே எழுதவில்லை. பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள், சிவப்பு ஐசியோடு தவித்தவர்கள், கணவர் இறந்து சொக்சோ பணம் எப்படி வாங்குவது என்று தெரியாத அக்காமார்கள் எல்லாரும் அவர் வீட்டு வாசலில் நிற்பார்கள். அவருக்கு மலாய் எழுத நன்றாக வரும். பாரத்தை நிரப்பிக் கொடுப்பதோடு விடமாட்டார். தன் ஹோண்டா கப்பில் பின்னால் உட்காரவைத்துப் பட்டர்வொர்த் பதிவிலாகாவுக்குக் கூட்டிப் போவார். பெட்ரோல் காசு கொடுத்தால் வாங்கமாட்டார். ‘ஐசி கிடைச்சதும் வந்து காட்டு, அது போதும்’ என்பார்.

நீல ஐசி இல்லாதவருக்கு வேலை முதல் வங்கிக் கணக்கு வரை ஒவ்வொன்றிலும் தடை வரும். அப்பா அம்மாவிடம் பத்திரம் இல்லையென்றால் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதிலேயே சிக்கல். ஆகவே அந்த மனிதர் நிரப்பிய பாரம் ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் அடுத்த தலைமுறை. இன்று எங்கள் பக்கத்தில் அலுவலகத்தில் வேலை செய்யும் சிலரின் கதையைப் பின்னோக்கி நடத்திப் போனால் அந்த வாசல்படியில் போய் நிற்கும்.

அவர் தவறியபோது மலாய்க்காரர்களும் சீனர்களும் வந்து நின்றார்கள். அவர்களுக்கும் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்பது அன்றுதான் எங்களில் பலருக்குத் தெரிந்தது. இப்போது அவரைப் பற்றி முழுதாகச் சொல்லக்கூடியவர்கள் ஊரில் இரண்டு மூன்று பேர்தான். அவர்களுக்கும் வயதாகிறது. ஒருவருக்கு ஞாபகம் தடுமாறத் தொடங்கிவிட்டது. இன்னும் பத்து ஆண்டுகளில் அவர் பெயர் எங்கேயும் இருக்காது. உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருந்திருப்பார். இதைப் படிக்கும்போதே உங்களுக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்திருக்கும்.

என்ன செய்யலாம்?

‘அரசாங்கம் நம் பெயரை எங்கே வைக்கிறது?’ என்று அலுத்துக்கொள்வது எளிது. எத்தனை பேர் முறையாகக் கேட்டிருக்கிறோம்?

பொது இடங்களைப் பராமரிப்பது ஊராட்சி மன்றத்தின் வேலை. எங்கள் பகுதிக்கு அது செபராங் பிறை மாநகர் மன்றம். 2019-இல் மாநகர்த் தகுதி பெற்றது. நம் நாட்டில் ஊராட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தப்பட்டதிலிருந்து மன்ற உறுப்பினர்களை மாநில அரசுதான் நியமிக்கிறது. நாம் ஓட்டுப் போட்டு அனுப்பாததால், அவர்கள் யார் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. உங்கள் பகுதிக்குப் பொறுப்பான மன்ற உறுப்பினர் யார் என்று கண்டுபிடிப்பது முதல் வேலை. கிராம நிர்வாகக் குழுவிடமும் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்திலும் கேட்டால் சொல்வார்கள்.

இரண்டாவது, பெயர் இல்லாத இடமாகப் பாருங்கள். இருக்கிற பெயரை எடுத்துவிட்டு வேறு பெயர் வைத்தால் யாராவது ஒருவருக்கு மனம் நோகும், சண்டை வரும். தாமான்களில் இருக்கும் பெயரற்ற சிறு பூங்காக்களில் அந்தப் பிரச்சினை இல்லை. யாருடைய நினைவையும் அழிக்காமல் ஒரு நினைவைச் சேர்க்கலாம்.

மூன்றாவது, கோயில் கமிட்டிக் கையெழுத்து மட்டும் போதாது. பக்கத்து வீட்டு மக்சிக், மூலைக்கடை அங்கிள், சூராவ் நிர்வாகம் என்று எல்லாரிடமும் போங்கள். அந்த மனிதர் அவர்களுக்கும் உழைத்தவர் என்றால் கையெழுத்து விழும். விழவில்லையென்றால் நாம் அவரைப் பற்றிச் சொன்னது போதவில்லை என்று பொருள். கடிதம் மலாய் மொழியில், இரண்டு பக்கத்துக்கு மிகாமல் இருக்கட்டும். அவர் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்ன செய்தார், யாருக்குச் செய்தார் என்பது தெளிவாக இருக்கட்டும். ‘மாபெரும் சேவையாளர்’ என்று பத்து முறை எழுதுவதைவிட, ‘இத்தனை குடும்பங்களுக்கு ஐசி எடுத்துக் கொடுத்தார்’ என்ற ஒரு வரிக்குப் பலம் அதிகம்.

நான்காவது, பெண்களை மறந்துவிடாதீர்கள். பெயர்ப் பட்டியல் போடச் சொன்னால் கை தானாகத் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று ஆண்களின் பெயரையே எழுதும். ஊரின் பாதிப் பிள்ளைகளுக்குப் பிரசவம் பார்த்த பாட்டிக்குப் பதவி எதுவும் இருந்திருக்காது.

எதிர்க்கேள்விகள்

‘ஊஞ்சல் உடைஞ்சு கிடக்கு, புல் வெட்ட ஆள் வரல. இதுல பெயர் ஒரு கேடா?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். உடைந்த ஊஞ்சலுக்கு மேலே ஒரு நல்ல மனிதரின் பெயரை மாட்டுவது அவருக்கு மரியாதை இல்லை. ஆனால் எதிர்ப்பக்கமும் உண்டு. யாருடையது என்று தெரியாத இடத்தைப் பற்றிப் புகார் செய்யவும் ஆளிருக்காது. தாத்தாவின் பெயர் மாட்டிய பூங்காவில் குப்பை கிடந்தால் பேரன் சும்மா இருக்கமாட்டான். பெயர் வைக்கும் நாளிலேயே, மாதம் ஒரு ஞாயிறு துப்புரவுக்கு வருவதாக ஒரு குழு சேர்ந்தால் இரண்டும் நடக்கும்.

‘நாளைக்கு ஒவ்வொரு கட்சிக்காரனும் தன் பெயரை வைக்கச் சொல்வானே?’ என்பது அடுத்த கேள்வி. அதற்குத்தான் உயிரோடு இருப்பவர்களைத் தவிர்ப்பது நல்லது என்கிறேன். ஒருவர் மறைந்து சில ஆண்டுகள் கழித்தும் ஊர் அவரைத் தேடுகிறதா என்று பார்த்தால் போதும். பதவியால் வந்த மாலை அதற்குள் வாடிவிடும்.

கடைசியாக, பலகையில் பெயரை மட்டும் எழுதி விட்டுவிடக் கூடாது. கீழே நான்கு வரி வேண்டும். எப்போது பிறந்தார், என்ன செய்தார், யார் நினைவுகூர்கிறார்கள். மலாயிலும் தமிழிலும் இருக்கட்டும். இடமிருந்தால் சீனத்திலும் ஆங்கிலத்திலும். அந்த நான்கு வரி இல்லாவிட்டால், போப்பியா சாப்பிட்டுக்கொண்டு ‘பிரவுன் யாரோ’ என்று நாம் கேட்பதுபோல நாளை நம் பேரப்பிள்ளைகளும் கேட்பார்கள்.

அந்த நான்கு வரிக்குப் பொருள் இப்போது ஊரில் சில முதியவர்களின் ஞாபகத்தில் மட்டும் இருக்கிறது. மாநகர் மன்றத்தின் அனுமதி வர ஆண்டுகள் ஆகலாம், வராமலும் போகலாம். முதியவர்கள் அதுவரை காத்திருக்கமாட்டார்கள். ஆகவே முதலில் பதிவு செய்யுங்கள். கைத்தொலைபேசி போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, தொலைபேசியைப் பேசுகிறவர் பக்கத்தில் ஒரு துணியின்மேல் வையுங்கள். ‘அவர் எப்படிப்பட்டவர்?’ என்று கேட்டால் ‘ரொம்ப நல்லவர்’ என்பதோடு பேச்சு நின்றுவிடும். ‘அவரை முதல் முதலா எங்கே பார்த்தீங்க பாட்டி? உங்களுக்கு என்ன செஞ்சு கொடுத்தார்? அன்னிக்கு அவர் கூட வராட்டி என்ன ஆயிருக்கும்?’ என்று கேளுங்கள். நடுவில் குறுக்கிடாதீர்கள். இருபது நிமிடத்தில் ஒரு பூங்காவுக்குத் தேவையான கதை கிடைத்துவிடும்.

எங்கள் ஊர்ப் பெரியவரைப் பற்றிய முதல் பதிவை நான் எடுத்துவிட்டேன். இன்னும் இரண்டு பேரிடம் எடுக்க வேண்டும். அதன் பிறகு அவர் குடும்பத்தாரிடம் போய் அனுமதி கேட்பேன். அவர்கள் சரி என்றால், மலாயில் இரண்டு பக்கக் கடிதம் தயாராகும். கையெழுத்துக்கு வீடு வீடாகப் போவோம். நீங்கள் வட செபராங் பிறைக்காரர் என்றால் உங்கள் வீட்டுக் கதவையும் தட்டுவோம்.